ஏழடிப் பலகைக்கு எந்த மெஷின்?

கான்பூருக்குத் தந்தி போயாக வேண்டிய நாள். 'வருகிறேன்' அல்லது 'வரவில்லை'. இரண்டில் எது என்று சனிக்கிழமை காலை ஏழு மணி வரை பெர்னார்டுக்கே தெரியாது.

சென்ற வாரம் பெங்களூர் ஆஸ்டின் டவுன் பக்கம் வராதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

பெர்னார்ட் விமானத் தொழிற்சாலையில் இருபது வருடம் மர வேலை பார்த்தவர். விமானங்கள் முழுக்க அலுமினியமாகிவிட்டன. மரப் பிரிவை மூடினார்கள். கையில் ஒரு பரிசைக் கொடுத்து, மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது: 'கான்பூரில் இடம் இருக்கிறது. மூன்று வாரம் கழித்து வரும் திங்களன்று எங்களுக்குப் பதில் தேவை.'

நடுவில் இன்னொன்றும் வந்தது. கன்னியர் மடத்து ஹாஸ்டலுக்குப் பன்னிரண்டு சாப்பாட்டு மேசைகள். ஒவ்வொன்றும் ஏழடி. 'வீட்டிலேயே செய்து தர முடியுமா?' என்று மதர் டோரதி கேட்டார். முடியும் என்று பெர்னார்டின் வாய் சொன்னது. வலது தோள் வேறு சொன்னது. கையால் இழைத்துப் பன்னிரண்டு மேசை செய்கிற தோள் இல்லை அது.

ஆக, இழைப்பு மெஷின் வேண்டும். பலகையின் விளிம்பை நூல் பிடித்த மாதிரி சீவித் தருகிற மெஷின். அது சரியாக அமைந்தால் மேசை. மேசை அமைந்தால் ஆஸ்டின் டவுன். இல்லையென்றால் கான்பூர்.

பெங்களூரில் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு மெஷின்கள்தான் இருந்தன. ஒன்று பசவன்குடியில், ரிட்டயர்டு இன்ஜினியர் சீனிவாசராகவன் வீட்டுப் பின்கட்டில். பழைய இங்கிலீஷ் சரக்கு. இன்னொன்று சில்வர் ஜூபிலி பார்க் ரோடு கடையில். புத்தம் புதுசு, ஒரு வருஷ கேரண்டி.

அந்தக் கடையில் மெஷின் விற்கிற பையன் பெயர் ஓஸ்வால்ட். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு பெர்னார்டின் மகள் டோரீனைப் பெண் பார்க்க வந்தவன். டோரீன் இன்னும் பதில் சொல்லவில்லை.

"டாடி, ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் டோரீன், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. டெலிபோன் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு அவளுக்கு. சனிக்கிழமை அரை நாள். "மெஷின் வேற, மாப்பிள்ளை வேற. அந்தக் கடையில வாங்கினா நான் சரின்னு சொல்லிட்டதா அர்த்தம் இல்ல. வாங்கலைன்னா வேணாம்னு சொன்னதாவும் இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"நீங்க சொல்லல. மம்மி மூஞ்சி சொல்லுது."

பியாட்ரிஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என் மூஞ்சி அப்டிதான்டி. உங்க அப்பாவைக் கட்டிக்கினதுல இருந்து."

"நீயும் வரியா பசவன்குடிக்கு?" என்று கேட்டார் பெர்னார்ட்.

"வராம? என் ஹால்ல குடியேறப் போறது யாருன்னு நான் பாக்க வேணாமா?"

கான்பூரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரமாகவே பேசவில்லை.

*

"வாங்கோ, வாங்கோ. செருப்போட வரலாம், இது ஷெட்தான்" என்றார் சீனிவாசராகவன்.

எழுபது வயது. இருமலை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். தூசி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு மெட்ராஸ் மெயிலில் மகன் வீட்டுக்குப் பயணம். வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மெஷினுக்குத்தான் இன்னும் வரவில்லை.

தார்பாயை இழுத்தார். பியாட்ரிஸ் "ஆண்டவரே" என்றாள்.

ஐந்தடி நீள மேடை. நடுவில் கத்தி உருளை. ஓரத்தில், பலகையைச் சாயாமல் நிமிர்த்திப் பிடிக்கிற ஃபென்ஸ் என்னும் இரும்புத் தகடு. ஒரு எருமை படுத்திருப்பது போல இருந்தது. அத்தனை இரும்பிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"வீட்டுக் கரண்டுலயே ஓடும். இருபத்திரண்டு வருஷமா ஓடறது. ஒரு தடவை கூட என்னைப் படுத்தினதில்லை."

"எங்க வீட்டு வாசப்படி ரெண்டரை அடி" என்றாள் பியாட்ரிஸ். "இது உள்ள வந்தா நாங்க வெளிய போகணும்."

"கழட்டிக் கொண்டு போலாம் அம்மா."

"வீட்டையா?"

பெரியவர் சிரித்தார். பெர்னார்ட் சிரிக்கவில்லை. மேடைமேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். ஏழடிப் பலகை இந்த மேடையில் ரயில் மாதிரி போகும். மனசுக்குள் பாதி மேசை முடிந்துவிட்டது.

பையிலிருந்து ஃபிளானல் துணியைப் பிரித்து, செங்கோணம் பார்க்கிற மூலைமட்டம் ஒன்றை எடுத்தார். எஃகு அலகு, கருங்காலிப் பிடி. பித்தளையில் அவர் பெயர் வெட்டியிருந்தது. தொழிற்சாலை கொடுத்த பரிசு அதுதான். மேடைமேல் வைத்து ஃபென்ஸோடு அணைத்துக் குனிந்து பார்த்தார்.

தலைமுடி கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

மறுபடி வைத்தார். மறுபடியும் தெரிந்தது.

"கோணலா இருக்குது சார்."

"எது?"

"ஃபென்ஸு. தொண்ணூறு டிகிரி இல்ல. இதுல சீவினா ரெண்டு பலகை சேராது. கூரை மாதிரி நிக்கும்."

பெரியவரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "போன வாரம்கூட நான் பார்த்தேனே. என் மட்டத்தை வெச்சுப் பாருங்கோ. சித்த இருங்கோ, எடுத்துண்டு வரேன்."

அந்த இடத்தில்தான் பெர்னார்ட் வாயை மூடியிருக்க வேண்டும்.

"மெஷினே கோணல்னா, மட்டம் மட்டும் எப்படி சார் நேரா இருக்கும்?"

சீனிவாசராகவன் தார்பாயை எடுத்து மெஷினை மூடினார். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி, நான்கு மூலையும் இழுத்துவிட்டு.

"நீங்க போயிட்டு வாங்கோ. இது விக்கறதுக்கு இல்லை."

தெருவுக்கு வந்ததும் பியாட்ரிஸ் ஆரம்பித்தாள். "ஏங்க, ஒரு வயசான மனுஷன்கிட்ட..."

"மட்டம் பொய் சொல்லாது பியாட்ரிஸ்."

"மட்டத்துக்கு வாய் இல்ல. உங்களுக்கு இருக்குதே!"

பஸ் வந்தது. அவள் சமையலைப் பார்க்க வீட்டுக்குப் போனாள். அவர் சில்வர் ஜூபிலி பார்க் ரோடு போனார்.

*

அரை நாள் வேலை முடிந்து டோரீன் கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. கல்லாவில் முதலாளி கோவிந்தன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓஸ்வால்ட் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஸ்பேனரும் கையுமாகக் குனிந்திருந்தான். அப்பா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

புது மெஷின் பச்சைப் பெயின்ட்டில் மின்னியது. மேடை மூன்றடி. பசவன்குடி எருமை என்றால் இது ஆட்டுக்குட்டி.

"இதுலயும் கோணல் இருந்துச்சும்மா" என்றார் பெர்னார்ட். "ஆனா தம்பி ஒரு ஸ்க்ரூவைத் திருகி என் மட்டத்துக்குச் சரியா நிறுத்திக் குடுத்துட்டான். புது மெஷின்னா புது மெஷின்தான்."

"சீவிப் பாத்தீங்களா?"

"அதான் நடக்குது."

ஓஸ்வால்ட் சுவிட்சைப் போட்டான். தேக்குச் சீவல் பறந்தது. இரண்டு பலகைகளின் விளிம்பைச் சீவி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பெஞ்சுமேல் கிடத்தினார்கள்.

படுக்கவில்லை. சேர்ந்த இடத்தில் மேடு தட்டி, சின்னக் கூரையாக நின்றது.

பெர்னார்ட் மட்டத்தை எடுத்துப் பலகை விளிம்பில் வைத்தார். பொட்டு வெளிச்சம் இல்லை. மட்டம் சரி என்றது. பலகை தப்பு என்றது. அவர் நெற்றி சுருங்கியது.

"டாடி, காலையில அந்த மெஷின் என்ன ஆச்சு?"

சொன்னார். மட்டம், வெளிச்சம், கோணல் எல்லாவற்றையும். பெரியவரிடம் சொன்ன வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"பழசும் கோணல். புதுசும் கோணல். ரெண்டு இடத்துக்கும் கூட வந்தது எது?"

"நான்தான்."

"உங்க கையில?"

பெர்னார்ட் மட்டத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "சும்னே இரும்மா. இது இங்கிலாந்து எஃகு. எம்பேரு வெட்டியிருக்குது."

"பேரு வெட்டினா நேரா நிக்குமா? எங்க செக்‌ஷன்ல திங்கக்கிழமை காலையில முதல் வேலை, அளக்கிற சாமானை அளக்கறதுதான். கடைசியா எப்போ இதை செக் பண்ணீங்க?"

தொழிற்சாலையில் எந்த மட்டத்தையும் எட்டு நாளைக்கு ஒரு தடவை சோதிக்கிற மனிதர் அவர். இதை மட்டும் சோதித்ததே இல்லை. பரிசை யாராவது சோதிப்பார்களா?

டோரீன் நேரான விளிம்பு உள்ள பலகை ஒன்றை எடுத்தாள். மட்டத்தை அணைத்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். மட்டத்தை அப்படியே மறுபக்கம் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும்.

விழவில்லை. அடியில் ஒட்டி, மேலே பிரிந்து, கோழிக்கால் மாதிரி போயிற்று.

பெர்னார்ட் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

டோரீன் ஓஸ்வால்ட் பக்கம் திரும்பினாள். "ஃபென்ஸைத் திருகறதுக்கு முன்னாடி உங்க கடை மட்டத்தை வெச்சுப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"...இருந்துச்சு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். காது சிவந்திருந்தது. "அங்கிள் அத்தனை பெருமையா அந்த மட்டத்தைத் துணியில இருந்து எடுத்தாரு. கடை நிறைய ஆளுங்க. அது தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

"வாயால. பன்னண்டு மேசையும் கூரை மாதிரி நின்னா மதர் யாரைக் கேட்பாங்க? இன்னைக்கு வேற எதையாவது மறைச்சிருக்கீங்களா?"

கடையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓஸ்வால்ட் கல்லாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு பெர்னார்ட் முன்னால் வந்து நின்றான்.

"ஒண்ணு இருக்குது அங்கிள். ஏழடிப் பலகைக்கு இது பத்தாது. மேடை மூணடிதான். பாதி பலகை வெளிய தொங்கும், நுனி பள்ளமா போயிடும். நாற்காலி, ஸ்டூலுக்கு இது ஃபர்ஸ்ட் கிளாஸ். உங்க மேசைக்கு அந்தப் பசவன்குடி மெஷின்தான் வேணும்."

"ஏன்ரீ ஓஸ்வால்ட்!" கல்லாவிலிருந்து கோவிந்தன் குரல் வந்தது. "சம்பளம் நான் குடுக்கறனா, பசவன்குடிக்காரர் குடுக்கறாரா?"

"நீங்கதான் சார்."

"ஞாபகம் இருந்தா சரி." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அந்தப் பெரிய மெஷினைத் தூக்க நம்ம வேனை எடுத்துட்டுப் போ. நாளைக்கு நாற்காலி செய்றப்போ நம்ம கடைக்கு வருவாங்க."

*

பெர்னார்டையும் டோரீனையும் ஏற்றிக்கொண்டு ஓஸ்வால்ட் ஓட்டிய வேன் பசவன்குடி போய்ச் சேர்ந்தபோது நான்கரை. சீனிவாசராகவன் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன.

"அதான் விக்கறதுக்கு இல்லைன்னேனே."

பெர்னார்ட் கோழிக்கால் கோடு போட்ட பலகையை நீட்டினார்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கோடுகளைப் பார்த்தார். பெர்னார்டின் முகத்தைப் பார்த்தார். இன்ஜினியர் அல்லவா, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உம்ம மட்டமா?"

"என் மட்டம்தான் சார். தப்பு என்னுது. காலையில பேசினது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட எதுக்கு? நீர் கோணல்னது என்னை இல்லையே. அங்க போய்ச் சொல்லும்."

"எங்க?"

"மெஷின்கிட்ட."

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்னார்ட் விறைப்பாக ஷெட்டுக்குள் போனார். தார்பாயை விலக்கினார். தொண்டையைச் செருமினார்.

"மன்னிச்சிடு..."

"அது லீட்ஸ்ல செஞ்சது ஓய். தமிழ் எப்படித் தெரியும்?"

"ஐ ஆம் வெரி சாரி" என்றார் பெர்னார்ட், மெஷினைப் பார்த்து. அவர் குரலில் விளையாட்டு இல்லை.

பெரியவர் சிரிக்கப் போய் இருமினார். இருமிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். தாழ்ந்த குரலில் ஒரு ரீங்காரம் எழுந்தது. இரண்டு பலகை. ஒவ்வொன்றையும் ஒரே சீராகத் தள்ளினார் பெர்னார்ட். தோள் முனகவே இல்லை.

இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக விளிம்பு சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. பலகைகளுக்கு நடுவில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பெஞ்சில் கிடத்தினார். தண்ணீர் மாதிரி படுத்தது.

"ராத்திரி ராத்திரி எண்ணெய் போடணும்" என்றார் சீனிவாசராகவன். "மழைக்காலத்துல மேடைல மெழுகு தடவணும். மேல காபி டம்ளர் வைக்கப்படாது."

"வைக்க மாட்டோம்."

"உம்ம ஆத்துக்காரி வைப்பா. பார்த்தாலே தெரியறது."

முன்பே சொல்லியிருந்த விலையை அவர் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வேன் கிளம்பியபோது வாசலில் நின்று, பேத்தியை ஏற்றிவிட்ட மாதிரி கையை ஆட்டினார்.

வழியில் தந்தி ஆபீஸ் முன்னால் பெர்னார்ட் வேனை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் ஃபாரத்தை நிரப்பினார். 'வரவில்லை. நன்றி. பெர்னார்ட்.'

குமாஸ்தா வாங்கிப் பார்த்தார். "காரணம் எழுதலையா?"

"பன்னண்டு மேசை இருக்குது சார். எழுதினா சார்ஜ் ஜாஸ்தி ஆயிடும்."

*

கதவைக் கீலோடு கழற்றி, மேடையைத் தனியாக, காலைத் தனியாக, ஆறு பேர் தூக்கி உள்ளே கொண்டு வந்தார்கள். அலமாரி வாசலுக்குப் போயிற்று. சோபாக்களில் ஒன்று பக்கத்து வீட்டு பிரிஜெட் வீட்டுக்குப் போயிற்று. ஓஸ்வால்ட் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கி, கடை மட்டத்தை வைத்து ஃபென்ஸைச் சரிபார்த்தான். பிறகு பெர்னார்டையும் பார்க்கச் சொன்னான். பிறகு டோரீனையும்.

அவள் பார்த்தாள். "சரியா இருக்குது."

"மெஷினா?"

"இப்போதைக்கு மெஷின்." கொஞ்சம் நிறுத்தினாள். "வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க. தனியா. பெரியவங்க இல்லாம ரெண்டு கேள்வி கேக்கணும்."

அவன் வேனைத் திருப்பும்போது எதிர்வீட்டுப் பூந்தொட்டியை மயிரிழையில் தப்பவிட்டான்.

ஹாலில் இனி நடக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். பியாட்ரிஸ் அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ரேடியோவுக்குப் பின்னிய துணியை எடுத்து மெஷின்மேல் விரித்து, எட்டி நின்று அழகு பார்த்தாள்.

"தந்தி குடுத்தாச்சு" என்றார் பெர்னார்ட். "போகல."

"சரி" என்றாள் பியாட்ரிஸ். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போனவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது டோரீனுக்கு மட்டும் தெரிந்தது.

"மம்மி? அழறியா?"

"வெங்காயம்டி."

"வெங்காயம் கூடைல இருக்குது."

பியாட்ரிஸ் ஹால் பக்கம் பார்த்துவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். குரல் இறங்கியது.

"அந்த மட்டம் கோணலாயிடுச்சுன்னு சொன்னியே. அது... நான்தான்."

"என்னது?"

"கான்பூர் லெட்டர் வந்தன்னிக்கு. அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாரு. எனக்கு வந்த ஆத்திரம்! இருபது வருசம் வேலை வாங்கிட்டு, ஒரு இரும்பைக் கையில குடுத்து அனுப்பிச்சாங்க. இப்போ மனுசனையே பிடுங்கிக்கினு போறேன்னா? எடுத்து அம்மிக்கல்லு மேல போட்டேன்."

"மம்மி!"

"ரெண்டு தடவை." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் பயந்துட்டேன். துடைச்சு, துணியில சுத்தி, இருந்த இடத்துல வெச்சிட்டேன். டாடிகிட்ட சொல்லாதடி. உன் கால்ல விழறேன்."

"போகாதீங்கன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மூணு வாரமா வாயே திறக்கலியே நீ."

"குடும்பத்துக்குச் சம்பாதிக்கப் போற ஆம்பளையை எப்படிடி போகாதேன்னு சொல்றது?"

டோரீன் பதில் சொல்வதற்குள் அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. பெர்னார்ட். கையில் மூலைமட்டம், முகத்தில் குழப்பம்.

"டோரீன், ஒரே யோசனையா இருக்குது. பொட்டியில இருந்து வந்தப்ப இது நேராத்தான் இருந்திருக்கணும். பிடிகிட்ட பாரு, லேசா நசுங்கியிருக்குது. நான் கீழ போட்டதே இல்ல. எப்படி ஆச்சுன்னு உனக்கு ஏதாவது தோணுதா?"

பியாட்ரிஸ் குழம்பைக் கிளற ஆரம்பித்தாள். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

டோரீன் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள்.

"தெரியும் டாடி" என்றாள். "ஆனா அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல."

சட்டிக்குள் கரண்டி நின்றது.